நாலாம் நாள் டிஸ்சார்ஜ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தனை பேர் பயன்பெற்றார்கள், இத்தனை கோடி செலவானது என்று தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கை மட்டும் நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்து எழுந்து நடந்தார்கள்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் தருமபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள். இப்போது பாலக்கோடு பக்கம் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, தக்காளி விவசாயி. எழுபதுக்கு ஒரு வயது குறைவு. போன ஆடியில் மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றும்போது டிராக்டர் டிரெய்லரிலிருந்து கால் வழுக்கி விழுந்தார். விழுந்த கால் வெளிப்பக்கம் திரும்பிக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, தொடை எலும்பு மேல்முனையில் முறிந்திருக்கிறது என்று.

108 வந்து ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தது. அங்கே டாக்டர் நல்லவர், எதையும் மறைக்கவில்லை. எலும்பு கேஸுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர் ஒருவர்தான், முன்னால் ஆறு பேர் இருக்கிறார்கள், ஏழெட்டு நாள் ஆகும் என்றார். வயதானவருக்கு இந்த முறிவில் ஒவ்வொரு நாளும் கணக்கு. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். அதனால் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். (புறப்படும் முன் வாசலில் ஓர் ஆள் என் அக்கா மகனைத் தனியாகக் கூப்பிட்டு, “பைக்கில இருந்து விழுந்ததா சொல்லிடுங்க, 48 மணி நேரத் திட்டத்துல வந்துடும்” என்று காதில் ஓதினான். முதல் 48 மணி நேரம் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அந்த அரசுத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். நின்றுகொண்டிருந்த டிரெய்லரிலிருந்து விழுந்தவருக்கு அது கிடையாது. எலும்பு என்னவோ ஒரே மாதிரிதான் உடைகிறது.)

தனியாரில் எல்லாம் சுறுசுறுப்பு. அன்று மாலையே போட்டோ எடுத்து, எக்ஸ்ரேயை ஏற்றி, அப்ரூவலுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அப்ரூவல் வந்தது, அடுத்த நாள் காலையில் ஆபரேஷன். அதைக் குறை சொல்லவே மாட்டேன். சர்ஜன் கை நல்ல கை, தையலைப் பார்த்தே சொல்வேன். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மட்டும் ஒருவர் வந்து, “அட்டையில வர்றது சாதா ராடு, நல்ல ராடு போடணும்னா பதினெட்டாயிரம் கட்டுங்க” என்றார். ரசீது கேட்டேன். அதற்கு ரசீது இல்லை என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கட்டினோம். ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் காலையில் டிஸ்சார்ஜ். மாமா அதுவரை கட்டிலை விட்டு ஒருமுறைதான் இறங்கியிருந்தார், அதுவும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து. இன்னும் இரண்டு நாள் வைத்து நடக்கப் பழக்கி அனுப்பக் கூடாதா என்றேன். காப்பீட்டு மேசையில் இருந்த பெண், என் மகள் வயதுதான் இருக்கும், மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, பேக்கேஜ் அவ்வளவுதான். மேல இருந்தா ஆஸ்பத்திரி கைக்காசு.”

அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் அம்மா நிலக்கடலை பிடுங்க ஆள் விடும்போது ஒன்று சொல்வாள். நாள் கூலிக்கு விட்டால் வேலை இழுக்கும். மொத்தமாக ஒரு தொகை பேசி விட்டால் பொழுது சாயும் முன் முடித்துவிடுவார்கள், ஆனால் பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே நிற்கும். ஆஸ்பத்திரியும் இதே மாதிரிதான் நடக்கிறது. கையில் காசு கட்டி வைத்தியம் பார்க்கிறவர் நாள் கூலிக்காரரிடம் மாட்டியவர். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் காசு, அதனால் டெஸ்டும் நாளும் கூடும். காப்பீட்டு அட்டைக்காரர் மொத்தப் பேச்சு. இன்ன ஆபரேஷனுக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறது. நோயாளி நாலு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் அதே தொகைதான், ஆகவே சீக்கிரம் அனுப்பினால் லாபம். அரசு மருத்துவமனை பண்ணையாள் மாதிரி. வருடத்துக்கு இவ்வளவு என்று பட்ஜெட், மாதச் சம்பளம். ஒரு நோயாளியை அதிகமாகப் பார்த்தாலும் காசு கூடாது, காக்க வைத்தாலும் குறையாது. எங்களைத் திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் இருந்ததற்கு அந்த டாக்டர் காரணமில்லை.

மூன்றிலும் நான் வேலை பார்த்தோ படுத்தோ இருக்கிறேன். அதனால் பழைய கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மருந்தே பெரிய பாடு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகுதான் மாறியது. சென்னையில் மொத்தமாக வாங்கி, சோதித்து, மாவட்டக் கிடங்குக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் எழுதியிருக்கும் தொகை வரை மருந்து எடுத்துக்கொள்ளலாம். தீரத் தீர எழுதிக் கழிப்பார்கள். வார்டில் வெறும் அலமாரியைத் திறந்து காட்டிய எனக்கு அந்த பாஸ்புக் கோயில் பிரசாதம் மாதிரி. பணம் எந்த வழியில் வருகிறது என்பது மாறியதால் மட்டும் நோயாளிக்கு ஊசி கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அப்படியும் எலும்புக்குப் போடும் பிளேட்டும் ஸ்க்ரூவும் நோயாளி வெளியே வாங்கி வர வேண்டிய காலம் வெகுநாள் இருந்தது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வருகிறவர்கள் வீட்டுப் பெண்கள் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு சேட்டு கடைக்கு ஓடுவார்கள். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்து, 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய பிறகு இது குறைந்தது. அரசு மருத்துவமனையே தான் செய்யும் ஆபரேஷனுக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு வாங்கலாம் என்று வந்தது. அந்தப் பணத்தில்தான் எங்கள் தியேட்டரில் ஏசி ஓடியது. இன்றைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்கிறார்கள். பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. நாடு முழுவதற்குமான கணக்கில், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுத்த பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது.

ஆனால் காப்பீட்டுப் பணம் வந்ததும் வார்டில் இன்னொரு பழக்கமும் வந்தது. காலை ரவுண்ட்ஸில் “இந்த கேஸ் புக் பண்ணியாச்சா?” என்ற கேள்வி. காப்பீட்டில் புக் ஆகிற கேஸுக்குத் தனி ஃபைல், போட்டோ, ஓடி ஓடி எக்ஸ்ரே. அதே வார்டின் கோடியில் சர்க்கரைப் புண்ணோடு சித்தேரி மலையிலிருந்து வந்த கிழவர் இருப்பார். அவருக்குத் தினம் இரண்டு முறை டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும். அது செவிலியர் வேலை, அதில் ஆஸ்பத்திரிக்கு எதுவும் வராது. யாரும் அவரைக் கைவிடச் சொன்னதில்லை. கையிருப்பு ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பது மட்டும் தானாக மாறிவிட்டது. நானும் ஓடியிருக்கிறேன்.

பிரசவத்தைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8. ஒரே ஊர்ப் பெண்கள், ஒரே களியும் சோறும் தின்று வளர்ந்த இடுப்பு. காசு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வலி தாங்க மாட்டேன் என்று கேட்கிற பெண்கள் உண்டு, ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று கடிகாரத்தோடு வருகிற மாமனார்களும் உண்டு. என்றாலும் சுகப்பிரசவத்துக்குப் பதினாறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடியும், பில்லும் கூடும். இதை வைத்துக்கொண்டு எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் எங்கள் ஊர் ஆயாவே சொல்லிவிடுவாள்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். வாடகைக் காரின் பின் சீட்டில் குறுக்கே படுக்க வைத்துக் கூட்டி வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி வரி, இரண்டு வாரம் கழித்து வந்து காட்டவும் என்று இருந்தது. யார் நடக்கப் பழக்குவது, எந்த நாளிலிருந்து காலை ஊன்றலாம், தையலை யார் பிரிப்பது, ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் தையலில் நீர் கசிந்தது. போன் செய்தால், கூட்டி வாருங்கள், ஆனால் புது அட்மிஷன், டிரெஸ்ஸிங்குக்குத் தனி என்றார்கள். போனோம், கட்டினோம், வந்தோம். அதற்குள் முதுகுத்தண்டின் அடியில் ரூபாய் நாணயம் அளவு படுக்கைப் புண். 31 வருடம் மற்றவர்களுக்கு வராமல் பார்த்துக்கொண்ட புண், என் சொந்த மாமாவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு பதினைந்து நாள் மருந்தும் பரிசோதனையும் பேக்கேஜுக்குள்ளேயே அடக்கம் என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இருக்கிறது. சில ஆபரேஷன்களுக்கு நம் மாநிலத் திட்டத்திலும் தொடர் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. காகிதத்தில் சரி. ஆனால் அதே தொகைக்குள் அடக்கம் என்பதால், ஆபரேஷன் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி செய்கிற ஒவ்வொன்றும் அதன் லாபத்தில் கை வைக்கிறது. செய்யாமல் விட்டால் நஷ்டம் அவர்களுக்கு இல்லை. புண் மறுபடி திறந்தால் புதிதாக ஒரு அட்மிஷன்கூடக் கிடைக்கிறது! மண்ணுக்குள் நிற்கிற காயை யாராவது கூடையோடு போய்ப் பொறுக்கித்தானே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பொறுக்கியவர்கள் அக்காவும் நானும். டிரெஸ்ஸிங் நான் செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தது அக்கா. செவிலியர் தங்கச்சி இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாலாவது வாரம் மக்களைத் தேடி மருத்துவத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் வண்டியில் வந்தார். இந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் தொடங்கி வைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வந்த தம்பி அரை மணி நேரம் இருந்தார். கட்டிலின் உயரத்தைக் கூட்ட அடியில் நாலு செங்கல் வைக்கச் சொன்னார். வாக்கரை எப்படி முன்னால் வைப்பது, எந்தக் காலை முதலில் எடுப்பது என்று மாமாவையே செய்ய வைத்தார். அன்றைக்குத்தான் மாமா முதல்முறையாக வாசல் வரை நடந்தார். காப்பீட்டில் அத்தனை செலவு செய்த அரசே இந்தத் தம்பியையும் அனுப்புகிறது. ஆனால் இன்ன வீட்டில் இன்னாருக்கு இன்றைக்கு டிஸ்சார்ஜ் என்ற தகவல் அந்தத் தம்பிக்குப் போகவில்லை. நானே துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் வந்தார். பணம் ஒரு குழாயில், ஆள் இன்னொரு குழாயில்.

என் மகள் இங்கிலாந்தில் எலும்பு வார்டில் செவிலியராக இருக்கிறாள். இதையெல்லாம் போனில் சொல்லி அழுதபோது அவள் சொன்ன விஷயத்தால்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் தோன்றியது. அங்கே 1948-லிருந்து வரிப்பணத்தில் வைத்தியம். நோயாளி பில் கட்ட வேண்டியதில்லை. அங்கேயும் சொர்க்கம் ஒன்றுமில்லை. தேய்ந்த மூட்டை மாற்ற மாதக்கணக்கில் வரிசை என்று புலம்புகிறாள். ஆனால் வயதானவர் விழுந்து, மாமாவைப் போலத் தொடை எலும்பு மேல்முனையில் முறிந்து வந்தால் 2010-லிருந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் வந்து பார்ப்பது, மறுபடி விழாமல் இருக்க என்ன செய்வது என்ற மதிப்பீடு, இதெல்லாம் நடந்தால்தான் அந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் தொகை. பின்னால் நடைப்பயிற்சியையும் அதில் சேர்த்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் விவரமும் நாடு முழுவதற்குமான ஒரே பதிவேட்டில் ஏறுகிறது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள் என்பது வெளியே தெரியும். அந்தப் பண ஏற்பாடு இல்லாத ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இங்கிலாந்தில் இறப்பு கூடுதலாகக் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். “அம்மா, இங்க முதல் நாளே எழுப்பி உட்கார வைப்போம், இல்லன்னா மேட்ரன் கத்துவாங்க, காசு போயிடும்னு” என்று சிரிக்கிறாள். மேட்ரன் கத்துவது எனக்குப் புதிதில்லை. எழுப்பி உட்கார வைக்காததற்குக் கத்துவதுதான் புதிது.

அமெரிக்காவிலும் 1983-ல் முதியோர் காப்பீட்டில் இதே மொத்தப் பேச்சு முறையைக் கொண்டுவந்தபோது படுக்கை நாட்கள் சட்டென்று குறைந்தன. பிறகு 2012-லிருந்து, முப்பது நாளுக்குள் நோயாளி திரும்ப வந்து சேர்வது அதிகமாக இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பணத்தைப் பிடிக்கிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கே இதைக் கண்டுபிடிக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. இருக்கிற பேக்கேஜில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, முப்பதாம் நாள் நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்த பிறகு கொடுங்கள். பார்க்க சென்னையிலிருந்து யாரும் வர வேண்டாம். கிராமத்துக்குக் கிராமம் சுகாதாரத் தன்னார்வலர் இருக்கிறார், பிரஷர் பார்க்கப் போகிற வீட்டில் புண்ணையும் பார்த்து போனில் இரண்டு கேள்விக்குப் பதில் பதிவு செய்யட்டும். டிஸ்சார்ஜ் பட்டன் அழுத்தும்போதே அந்தத் தகவல் நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகட்டும். அங்கே டிரெஸ்ஸிங் செய்கிற தங்கச்சிக்கும் நடக்கப் பழக்குகிற தம்பிக்கும் அந்த நிறுத்தி வைத்த பங்கில் ஒரு பகுதி போனால், சர்க்கரைப் புண் கிழவர் பக்கமும் யாராவது ஓடுவார்கள். ராடுக்குத் தனிப் பணம் கிடையாது என்பதைத் தமிழிலும், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் காப்பீட்டு மேசைக்கு மேலே எழுதி வையுங்கள். எழுதினால் மட்டும் நின்றுவிடாது, தெரியும். கேட்கிறவன் கொஞ்சம் கூசுவான், அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் இடங்களை நிரப்பினாலே என் மாமா போன்றவர்கள் பாதிப் பேர் வெளியே போக மாட்டார்கள். தருமபுரியில் 2008-லிருந்தும் கிருஷ்ணகிரி பக்கம் போலுப்பள்ளியில் 2022-லிருந்தும் மருத்துவக் கல்லூரி இருக்கும் பகுதி இது. இங்கே படிக்கிற பிள்ளைகள் இங்கேயே தங்குவதற்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கட்டும்.

அட்டை இருந்தும் ஆன செலவை அக்கா பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள். ராடு, கார் வாடகை, டயபர், காற்று மெத்தை, வாக்கர், இரண்டாவது தடவை போன டிரெஸ்ஸிங், எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். புகார் எழுதலாம் என்றேன். “வேண்டாம் கண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னா அங்கதானே போகணும்” என்றாள். மாமா இப்போது வாக்கரைப் பிடித்து மாட்டுக் கொட்டகை வரை போகிறார். அதிகாரிகள் யாராவது கேட்டால் நோட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தர நான் தயார். ஆஸ்பத்திரி பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் அக்கா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.